இயல்பிலேயே மெலிந்தவர்கள் நிறை கூட்டுவது எப்படி: திருகோணமலைச் சாப்பாட்டோடு படிப்படியான வழிகாட்டி

சின்ன வயதிலிருந்தே மெல்லிய உடம்பு, "என்னத்தைச் சாப்பிட்டாலும் ஒட்டுதில்லை" என்று அலுத்துப்போனவர் என்றால் இது உங்களுக்கு. 18 வயதுக்கு மேற்பட்டவர்களை நினைத்து எழுதியது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் தங்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் வரிசையில்தான். முதல் நாளே சோற்றை இரண்டு மடங்காக்கி, ஆறு முட்டை அவித்து, ஜிம்முக்கும் காசு கட்டுவார்கள். நாலாம் நாள் வயிறு ஊதும். இரண்டாம் கிழமை எல்லாம் நின்றுவிடும். கீழே உள்ள படிகளை இதே ஒழுங்கில் செய்யுங்கள். ஒன்று உடம்புக்குப் பழகிய பிறகுதான் அடுத்தது. எல்லாப் படிகளும் நடைமுறைக்கு வர ஆறு கிழமை ஆகும். ஐந்தாறு கிலோ கூடுவதற்கு நாலு முதல் ஆறு மாதம் வேண்டும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: ஒரு கொப்பி, ஒரு தையல் நாடா, 15 மில்லிலீற்றர் பிடிக்கும் மேசைக்கரண்டி, எப்போதும் பாவிக்கிற ஒரே கோப்பை, ஒரு நிறை மெசின். வீட்டில் மெசின் இல்லாவிட்டால் பாமசியில் உள்ளது போதும். ஆனால் எப்போதும் அதே பாமசி, அதே நேரம். வீட்டு மெசினைச் சீமெந்துத் தரையில் வையுங்கள், பாயின்மேல் வைத்தால் சரியாகக் காட்டாது. ஒரு மாதத்தில் நீங்கள் தேடுவதே ஒரு கிலோ மாற்றம் என்பதால், மெசின் ஒரு கிலோ பிழைத்தாலும் அடுத்து எடுக்கிற முடிவு முழுதும் பிழைத்துவிடும்.

1. மெலிவா, நோயா என்று முதலில் பிரியுங்கள்

கிலோவில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தரம் வகுத்தால் பிஎம்ஐ வரும். 18.5க்குக் கீழே இருந்தால் குறைநிறை. அதாவது 160 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு 47.4 கிலோ, 165க்கு 50.4, 170க்கு 53.5, 175க்கு 56.7 கிலோ எல்லைக்கோடு. அதற்கு மேலே இருந்து, சுகமாகவும் இருந்தால் உங்களுக்கு நிறை குறைவு இல்லை. தசை வேண்டுமென்றால் 6ஆம், 7ஆம் படிகளே போதும்.

அடுத்த கேள்வி முக்கியமானது: எப்போதுமே மெலிவா, அல்லது அண்மையில் மெலிந்தீர்களா? முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் உடம்பு நிறையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இறங்கியிருந்தால், 50 கிலோ ஆளுக்கு அது இரண்டரைக் கிலோ, சாப்பாட்டைக் கூட்டுவதற்கு முன் டொக்டரைப் பாருங்கள். இரண்டு கிழமைக்கு மேல் இருமல், பின்னேரக் காய்ச்சல், இரவில் வியர்த்துக் கொட்டுதல் இருந்தால் சளிப் பரிசோதனை தேவை. காசநோய் இப்படித் தொடங்கலாம். நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், வெக்கை தாங்காமை தைரொயிட் பக்கம் காட்டும். தீராத தாகமும் அடிக்கடி சலம் போவதும் சீனியைப் பார்க்கச் சொல்லும். நீண்ட நாள் வயிற்றோட்டம், மலத்தில் இரத்தம் என்பவற்றையும் தள்ளிப்போட வேண்டாம்.

இவை ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. முழு இரத்தக் கணக்கு, வெறுவயிற்றுச் சீனி, தைரொயிட்டுக்கான ரிஎஸ்எச் ஆகிய மூன்றையும் பற்றி டொக்டரிடம் கேளுங்கள். பூச்சிக் குளிசை தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். அரச ஆஸ்பத்திரி ஓபிடியில் பார்ப்பதற்குக் காசு இல்லை; போவதற்கு ஒரு காலைப்பொழுதுதான் செலவு.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சாப்பாட்டைப் பார்த்தாலே பயம் வருகிறது, சாப்பிட்டதை வலிந்து வாந்தி எடுக்கத் தோன்றுகிறது, மாதக்கணக்காக மனம் சோர்ந்து பசியே இல்லை என்றால் அதுவும் நோய்தான். அதற்கு வைத்தியம் உண்டு. இந்தப் படிகளால் அது தீராது.

2. மூன்று நாள் எழுதுங்கள், எதையும் மாற்றாமல்

இரண்டு வேலை நாள், ஒரு லீவு நாள். சாப்பிட்டவுடன் எழுதுங்கள். இரவில் யோசித்து எழுதினால் கூட்டித்தான் எழுதுவீர்கள். நேரமும் அளவும் இரண்டும் வேண்டும்.

இங்குள்ள மெல்லிய இளைஞர் ஒருவரின் பக்கம் அநேகமாக இப்படித்தான் இருக்கும்: "காலை 9.30 பாண் 3 துண்டு, சம்பல், பிளேன்ரி. 2.15 சோறு 2 கோப்பை, மீன் 1 துண்டு, பருப்பு 2 கரண்டி. 5.00 பிளேன்ரி, பிஸ்கட் 2. இரவு 9.30 இடியப்பம் 5, சொதி." பகலில் ஒரு பெரிய சாப்பாடு. மற்ற நேரமெல்லாம் சீனித் தண்ணீரும் மாவும். நாள் முழுவதுக்கும் புரதம் என்று பார்த்தால் ஒரு மீன் துண்டும் கொஞ்சப் பருப்பும். "நான் நல்லாத்தானே சாப்பிடுறன்" என்பது அந்த மத்தியானத் தட்டை மட்டும் நினைத்துச் சொல்வது. அது பொய்யல்ல, ஆனால் அது ஒரு வேளையின் கதை.

மூன்று நாளும் எழுதி முடிந்ததும் இரண்டு இடத்தை வட்டமிடுங்கள்: நாலு மணித்தியாலத்துக்கு மேல் வெறும் வயிறாக இருந்த இடைவெளி, புரதம் இல்லாத வேளை. இனி வரும் வேலை முழுதும் அந்த வட்டங்களுக்குள்தான்.

3. முதல் கிழமை நேரத்தை மட்டும் சரிசெய்யுங்கள்

அளவைக் கூட்ட வேண்டாம். காலை 7, 10, மத்தியானம் 1, பின்னேரம் 4.30, இரவு 8 என்று ஐந்து நேரம் வையுங்கள். வேலைக்கு ஏற்ப முன்பின் ஆகலாம். இடைவெளி மூன்றரை மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. பசி பழக்கத்தோடு வருவது. ஒரு கிழமை ஒரே நேரத்தில் சாப்பிட்டால் அந்த நேரத்துக்கு வயிறே கேட்கத் தொடங்கும். பசி வரட்டும், பிறகு சாப்பிடுவோம் என்று காத்திருப்பவருக்கு அது வராது.

காலையில் ஒன்றும் இறங்காதவர்கள் ஒரு கதலி வாழைப்பழத்தோடும் ஒரு அவித்த முட்டையோடும் தொடங்கினால் போதும்.

இந்தக் கிழமையில் எல்லோரும் விடும் பிழை தேத்தண்ணி. சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன் ஒரு கப் பிளேன்ரி குடித்தால் வயிறு நிறைந்ததாகப் பாவனை காட்டும். சாப்பாட்டோடு குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். தண்ணீரும் அப்படியே: சாப்பாட்டுக்கு முன் ஒரு போத்தல் குடித்துவிட்டுத் தட்டைக் குறை சொல்லக்கூடாது. தட்டில் மீன், முட்டை, பருப்பு முதலில். கீரைச் சுண்டலும் சோறும் பிறகு. சிகரெட்டும் வெற்றிலையும் பசியைக் கொல்பவை என்பதால் அவற்றை வைத்துக்கொண்டு இந்தப் படி சரிவராது.

கச்சான் காற்று எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், மே முதல் ஓகஸ்ட் வரை, நடுப்பகலில் யாருக்கும் பசி எடுக்காது. அப்போது மத்தியானத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். வெயில் ஏறுமுன் காலைச் சாப்பாட்டையும், கடற்காற்று வந்தபின் இரவுச் சாப்பாட்டையும் பெரிதாக்கி, நடுப்பகலுக்குத் தயிர்ச்சோறு போல இலகுவாக இறங்குவதை வையுங்கள்.

செவ்வாய், வெள்ளி ஒருநேரம் பிடிக்கிறவர்களுக்குக் கிழமையில் இரண்டு நாள் பின்னோக்கிப் போகும். விரதத்தை விடச் சொல்லவில்லை. சாப்பிடும் வேளையில் தயிர், பருப்பு, கடலை மூன்றும் இருக்கட்டும். பாலும் பழமும் அனுமதி என்றால் அவற்றை விடாமல் எடுங்கள். றமழான் மாதத்தில் ஸஹரை, அதாவது விடியுமுன் சாப்பாட்டை, தவறவிடக்கூடாது. நோன்பு திறந்தவுடன் கஞ்சியை வயிறு நிறையக் குடித்துவிட்டால் பிறகு எதற்கும் இடமிருக்காது. ஒரு சின்னக் கோப்பையோடு நிறுத்தி, தொழுதுவிட்டு வந்து சாப்பாட்டை முறையாகச் சாப்பிடுங்கள்.

4. இரண்டாம் கிழமை: இருக்கிற தட்டிலேயே சத்தை அடர்த்தியாக்குங்கள்

இந்தப் படிதான் நிறையைக் கூட்டுவது. நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி மேலதிகமாகப் போனால் போதும். அதற்குச் சோற்றைக் கூட்டுவது மிகக் கடினமான வழி. அவித்த சோறு 100 கிராமில் 130 கலோரிதான். 400 கலோரிக்கு 300 கிராம் சோறு அதிகம் தின்ன வேண்டும். மெல்லியவர்களின் வயிறு அதற்கு இடம் கொடுக்காது. இடம் பிடிக்காமல் சத்துத் தருவதைத்தான் சேர்க்க வேண்டும்.

கைக்கெட்டியவை, கிட்டத்தட்டக் கலோரிக் கணக்கோடு: ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் 120. ஒரு பிடி கச்சான் (நிலக்கடலை), 30 கிராம், 170. ஒரு முட்டை 75. மூன்று மேசைக்கரண்டி முழு ஆடைப் பால்மா, 25 கிராம், 125. எருமைத் தயிர் 150 கிராம் கிட்டத்தட்ட 150. அவித்த கொண்டைக்கடலை ஒரு கோப்பை 270, அவித்த பயறு ஒரு கோப்பை 210.

காலைப் பாணோடு சம்பல் மட்டும் என்றால் ஒரு முட்டையும் பருப்புக் கறியும் சேருங்கள். இரவு இடியப்பம் ஐந்தில் நிற்கிறது என்றால் எண்ணிக்கையைக் கூட்டத் தேவையில்லை. கிழமையில் மூன்று நாள் அதைப் புட்டாக மாற்றுங்கள். புட்டு அடர்த்தியானது, அதே தட்டில் கூடுதல் மா இறங்கும். சொதிக்குள் முட்டையோ மீன் துண்டோ போடுங்கள். பத்து மணிக்கு பணிஸுக்குப் பதில் தாளித்த கடலை. 4.30க்கு பிஸ்கட்டுக்குப் பதில் கச்சானும் வாழைப்பழமும், அல்லது அவித்த வற்றாளங்கிழங்கு. கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்திலிருந்து சட்டியில் வரும் எருமைத் தயிர் இருக்கும் ஊரில் அதை விருந்துக்கு மட்டும் வைப்பது பெரிய இழப்பு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மேசைக்கரண்டி தயிர், மேலே கொஞ்சம் கித்துள் பாணி.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டாம். முதலில் ஒன்று, ஐந்து நாள் கழித்து அடுத்தது. குடலுக்குப் பழக நேரம் வேண்டும். கடலை வாயு பிடித்தால் பெரும்பாலும் ஊறவைத்தது போதாது: இரவு முழுக்க ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் குழைய அவியுங்கள்.

தேங்காய்ப்பால் மட்டும் ஒரு எச்சரிக்கையோடு. மூன்று மேசைக்கரண்டி முதற்பாலில் 100 கலோரி உண்டு, இலகுவான வழிபோலத் தெரியும். ஆனால் அதிலுள்ளது பெரும்பாலும் கொலஸ்ரோலைக் கூட்டும் நிரம்பிய கொழுப்பு. மெல்லிய ஆளுக்குக் கொலஸ்ரோல் வராது என்பது பிழையான நம்பிக்கை. இப்போது கறியில் விடுகிற அளவே போதும். கூட்டுவதைக் கச்சான், எள்ளு, நல்லெண்ணெய், மீனில் கூட்டுங்கள். றோல்ஸ், வடை, கோலா என்று நிரப்புவதும் வேண்டாம். அதிலும் நிறை கூடும், ஆனால் வயிற்றில்தான் கூடும்.

5. மூன்றாம் கிழமை: ஒரு நேரம் குடிக்கிறதாக வையுங்கள்

மென்று தின்ன அலுத்துப்போனவர்களுக்கும் திரவம் இறங்கும். இதற்குத் தேவை: வறுத்து உமி நீக்கிய கச்சான் 30 கிராம், கதலி வாழைப்பழம் 2, பேரீச்சம்பழம் 3, பால்மா 3 மேசைக்கரண்டி, கொதித்தாறிய தண்ணீர் 200 மில்லிலீற்றர். ஏறக்குறைய 500 கலோரியும் 16 கிராம் புரதமும் வரும்.

கச்சானையும் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தையும் சுடுதண்ணீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். முதலில் அவை இரண்டையும் மட்டும், மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் விட்டு, விழுதாக அரையுங்கள். விரலில் தொட்டால் மணல்போல நெருடக்கூடாது. பிறகே வாழைப்பழம், பால்மா, மீதித் தண்ணீர். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைப்பவர்களுக்குக் கச்சான் குறுணியாக அடியில் தங்கும். மேலே இருப்பதைக் குடித்துவிட்டு அடியை ஊற்றுவார்கள். சத்தில் பெரும்பங்கு அந்த அடியில்தான் போகும்.

பின்னேரம் 4.30க்கோ, இரவுச் சாப்பாடு முடிந்து ஒன்றரை மணித்தியாலம் கழித்தோ குடியுங்கள். சாப்பாட்டுக்கு முன் குடித்தால் அந்த வேளைச் சாப்பாடு பாதியாகும், கணக்கு அப்படியே நிற்கும். முதல் நான்கு நாள் அரைப்பங்கு. பால்மா வயிற்றைக் குழப்பினால் அதற்குப் பதில் 150 கிராம் தயிர். இந்த ஊர் வெக்கையில் அரைத்ததை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது. கச்சான் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

6. புரதத்தை வேளைகளுக்குப் பிரியுங்கள்

உடம்பு நிறை ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் என்பது இலக்கு. 50 கிலோ ஆளுக்கு 60 முதல் 80 கிராம். எல்லாவற்றையும் மத்தியானம் அடைப்பதைவிட நாலு வேளைக்குப் பிரித்தால் தசைக்கு நன்றாகப் பயன்படும், வயிற்றுக்கும் பாரமில்லை.

உள்ளங்கையளவு மீன் துண்டில், சமைத்த 100 கிராமில், 20 கிராமுக்கு மேல் இருக்கும். விலைகூடிய அறக்குளாதான் வேண்டும் என்றில்லை. சூரையும், சின்ன மீன்களான சூடையும் சாளையும் அதே வேலையைச் செய்யும். சின்ன மீனின் கொழுப்பு இருதயத்துக்கும் நல்லது. முட்டை ஒன்றில் 6 கிராம். அவித்த கடலையோ பயறோ ஒரு கோப்பை 14 கிராம். மீன் தொடாதவர்கள் பருப்பை ஒருநாளும் இரண்டு கரண்டியோடு விடக்கூடாது. மத்தியானத்துக்கு ஒரு கோப்பை கட்டிப் பருப்பு, இரவுக்குத் தயிர், பத்து மணிக்குக் கடலை என்று மூன்றும் தேவை.

7. நாலாம் கிழமை: பாரம் தூக்குங்கள்

தசைக்கு வேலை கொடுக்காமல் சாப்பாட்டை மட்டும் கூட்டினால் கூடுவது பெரும்பாலும் கொழுப்பு. கை, கால் ஈர்க்குப்போல இருக்க, வயிறு மட்டும் முன்னால் வரும். சாப்பாடு மூன்று கிழமை பழகிய பிறகே இதைத் தொடங்கச் சொல்வதற்குக் காரணம், சாப்பாடு போதாமல் பயிற்சி செய்பவர் இன்னும் மெலிவார்.

ஜிம் தேவையில்லை. கைபிடியுள்ள பத்து லீற்றர்த் தண்ணீர்க் கான் ஒன்று போதும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் பாரத்தைத் துல்லியமாகக் கூட்டலாம். நாலு லீற்றரில் தொடங்குங்கள். கானை நெஞ்சோடு பிடித்து இருந்தெழும்புதல், தண்டால், குனிந்து கானை இடுப்புக்கு இழுத்தல், தலைக்குமேல் தூக்குதல், ஒரு காலை முன்வைத்து முழங்கால் மடித்து இறங்குதல். ஒவ்வொன்றும் 8 முதல் 12 தரம், மூன்று சுற்று, சுற்றுகளுக்கிடையில் இரண்டு நிமிடம் ஓய்வு. கிழமையில் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது விட்டு. மூன்று சுற்றிலும் 12 தரம் தடையின்றி வந்துவிட்டால் அடுத்த பயிற்சி நாளில் அரை லீற்றர் கூட்டுங்கள். மாதக்கணக்காக அதே பாரத்தையே தூக்குவதுதான் இங்கே பொதுவான பிழை; பாரம் கூடாவிட்டால் தசை வளர உடம்புக்குக் காரணமே இல்லை. தண்டால் தரையில் வராதவர்கள் கட்டில் விளிம்பில் கையூன்றிச் செய்யலாம். மூட்டில் குத்தும் வலி வந்தால் நிறுத்துங்கள்.

டச்பே கடற்கரை மணலில் ஓடுபவர்கள், பின்னேரம் பந்தடிப்பவர்கள் அதை விடவேண்டியதில்லை. அந்த நாட்களில் ஒரு வாழைப்பழமும் ஒரு பிடி கச்சானும் மேலதிகமாக வேண்டும். மணலில் ஓடுவது றோட்டில் ஓடுவதைவிடக் கூடுதலாகச் சக்தியைத் தின்னும்.

நித்திரை ஏழு, எட்டு மணித்தியாலம்.

8. "உடம்பு வைக்கிற" குளிசையைத் தொடாதீர்கள்

பெயர் சொல்லாமல் தாளில் சுற்றித் தரப்படும் குளிசைகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்ரிரொயிட் என்றால் பத்து நாளில் முகம் பூரிக்கும். அது சதை அல்ல, நீரும் இடம் மாறிய கொழுப்பும். சீனி ஏறும், எலும்பு தேயும், தசை கரையும். சிப்ரோஹெப்ரடீன் என்றால் பசி வரும், கூடவே தூக்கமும் வரும். நிறுத்தியவுடன் பசி போய்விடும். ஏற்கெனவே கிழமைக்கணக்காக ஸ்ரிரொயிட் எடுத்தவர்கள் சட்டென்று நிறுத்தவும் கூடாது, அது ஆபத்து. குளிசையைக் கையோடு கொண்டுபோய் டொக்டரிடம் காட்டி, அவர் சொல்லும்படி படிப்படியாக விடுங்கள்.

நிறை கூட்டும் மா டப்பாக்களில் பெரும்பங்கு சீனியும் மாச்சத்தும்தான். 5ஆம் படியில் உள்ளது அந்த வேலையைக் குறைந்த காசில் செய்யும்.

9. அளந்து திருத்துங்கள்

கிழமையில் மூன்று நாள், காலையில், மலசலம் கழித்து, சாப்பிடுமுன் நிறை பாருங்கள். மூன்றின் சராசரியை எழுதுங்கள். ஒருநாள் நிறை உப்பாலும் தண்ணீராலும் ஒரு கிலோ ஆடும். அதை நம்பிச் சாப்பாட்டை மாற்றக்கூடாது. முதல் இரண்டு கிழமையில் ஒரு கிலோ பாய்ந்தால் மகிழவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம், அது குடலில் உள்ள உணவும் நீரும்.

இலக்கு கிழமைக்குக் கால் கிலோ, மிஞ்சினால் அரைக் கிலோ. மாதம் ஒருமுறை தொப்புளோடு சேர்த்து இடுப்புச் சுற்றையும், மேற்கைச் சுற்றையும் நாடாவால் அளவெடுங்கள். கை அசையாமல் இடுப்பு மட்டும் கூடினால் பாரம் போதவில்லை அல்லது சீனி கூடிவிட்டது. எங்கள் உடல்வாகுக்கு ஆண்களின் இடுப்பு 90, பெண்களின் இடுப்பு 80 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது.

மூன்று கிழமை சராசரி நகராவிட்டால் மறுபடி மூன்று நாள் எழுதுங்கள். அநேகமாகப் பத்து மணிக் கடலையோ இரவுத் தயிரோ சத்தமில்லாமல் விடுபட்டிருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் நகராவிட்டால் 200 கலோரி கூட்டுங்கள்: ஒரு முட்டையும் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயும். மெல்லியவர்களின் உடம்பு கூடுதலாகச் சாப்பிடும்போது தன்னையறியாமலே கூடுதலாக அசைந்து செலவழித்துவிடும், அதனால் முதற்கணக்கு போதாமல் போவது வழமை. இப்படி இரண்டு தரம் கூட்டியும் மாற்றம் இல்லையென்றால் 1ஆம் படிக்குத் திரும்பி, கொப்பியையும் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள். மூன்று மாதக் கணக்கு எழுத்தில் இருந்தால் அவருக்கும் எங்கே தேடுவது என்று தெரியும்.

நினைத்த நிறை வந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டால் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே இறங்குவீர்கள். முதலில் குடிக்கிறதை மட்டும் பாதியாக்கி, நாலு கிழமை சராசரியைப் பாருங்கள். நிறை நின்றால் அந்தப் பாதியையும் விடலாம். ஐந்து நேரமும், பாரமும், வேளைக்கு ஒரு புரதமும் அப்படியே இருக்கட்டும்.